கூறு பெரிசா, மட்டி பெரிசா?

போன வைகாசியில், தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஏரலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு கூறு மட்டி வாங்கினேன். மட்டி என்றால் ஆற்று மண்ணில் புதைந்து கிடக்கும் சின்னச் சிப்பி, அதைக் குவித்து வைத்து விற்கும் ஒரு குவியல்தான் கூறு. நூறு ரூபாய். அந்த ஒரு கூறு மட்டி இத்தனை மாதமாக என் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருக்கிறது.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் தெருவுக்கு நல்ல மீன் வருவது குறைவு, வந்தாலும் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். அப்போது புன்னைக்காயல் ஆச்சி பனையோலைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் குரல் கொடுத்தால் நாலைந்து வீட்டுக் கதவு ஒன்றாகத் திறக்கும். நானும் சட்டியோடு போனேன். ஆச்சி ஈரச் சாக்கை விலக்கி, தரையில் நாலு கூறு வைத்தார். எது உயரமாக நின்றதோ அதைக் கைகாட்டினேன். கொசுறாக இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். சட்டி நிறைந்த சந்தோஷத்தோடு உள்ளே வந்தேன்.

மண்ணைக் கக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். அப்புறம் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினேன். கொதி வந்ததும் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. திறக்காததைத் தூக்கிப் போட்டுவிட்டு, சதையைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரிக்கிறேன், பிரிக்கிறேன், கிண்ணம் நிறையவே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துவரம்பருப்பு அளவுக்குத்தான் சதை. சில ஓடுகள் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. சட்டி நிறைய இருந்த மட்டியிலிருந்து ஒரு காபி டம்ளர் சதை தேறவில்லை. ஓடு மட்டும் முறம் நிறையக் குவிந்தது.

அம்மா வந்து ஓர் ஓட்டை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள். "இது மட்டியா? மட்டிக் குஞ்சுலா" என்றாள். பிறகு அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் துழாவி ஒரு பழைய மட்டி ஓட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சின்ன வயதில் நான் மாங்காய் சீவிய ஓடு அது. ஓட்டின் முதுகைத் திண்ணைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஓட்டை போட்டால், அந்த ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி தோலைச் சீவும். எங்கள் பக்கத்தில் அதைச் செய்யாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அந்தப் பழைய ஓட்டை மல்லாத்தி வைத்து, அன்றைக்கு வாங்கிய மட்டி ஓடுகளை அதற்குள் அடுக்கினேன். மூன்று உட்கார்ந்தன. வேறு சாதி மட்டியாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதே மழமழப்பான தடித்த முக்கோண ஓடு, அதே வெளிறிய பழுப்பு. சாதி அதேதான், வயதுதான் இல்லை.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அம்மா தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்து, ஒரு மாங்காய் கீறிப் போட்டு வைத்தாள். எனக்குத்தான் இறங்கவில்லை. ஒரு கூறில் எத்தனை உயிர் இருந்திருக்கும்? முந்நூறா, நானூறா? பெரிய மட்டியாக இருந்தால் அதே குழம்புக்கு நாற்பது போதும்.

மட்டி இனம் பெருகும் விதத்தை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. மீன் மாதிரி அது துணையைத் தேடிப் போக முடியாது. மண்ணுக்குள் புதைந்து கிடந்தபடியே ஆண் விந்தைத் தண்ணீரில் விடும், பெண் முட்டையை விடும், இரண்டும் நீரோட்டத்தில் சந்தித்தால்தான் உண்டு. ஒரு பெண் மட்டி லட்சக்கணக்கில் முட்டை விட்டாலும், பக்கத்தில் ஆண் மட்டிகள் நெருக்கமாகக் கிடக்காவிட்டால் அத்தனையும் வீண். அதனால் மட்டிப் படுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும் என்று சொல்ல முடியாது. ஓரளவுக்குக் கீழே மெலிந்துவிட்டால் மிச்சம் இருப்பதும் பெருகாது. குஞ்சு மட்டி ஒரு தடவைகூட முட்டை விடாமல் நம் சட்டிக்கு வந்துவிடுகிறது.

ஆச்சி கேட்ட கேள்வி

அடுத்த வாரம் ஆச்சி வந்தபோது முதலில் நான் வாங்கவில்லை. வாங்காமல் விட்டிருந்தால் பரவாயில்லை, கேட்டும் விட்டேன். "ஏன் ஆச்சி இம்புட்டுக் குட்டியா எடுத்துட்டு வாறீங்க? வளர விட்டு எடுக்கக் கூடாதா?"

ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் சொன்னார்: "தாயி, போன வாரம் நாலு கூறு வச்சேம்லா. நீ எதைக் காட்டுன? கூறு பெரிசா இருக்கான்னுதான பாத்த. மட்டி பெரிசா இருக்கான்னு பாத்தியா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சியே தொடர்ந்தார். "பெரிசா மட்டும் பொறுக்குனா காப்பெட்டிதான் வரும். அதை நாலு கூறு வச்சா, கூறு இம்புட்டுக்காண்டு இருக்கும். எல்லாரும் அடுத்தவகிட்ட போயிருவாவ. பொடிசும் சேத்து அள்ளிப் போட்டா கூறு நிமிந்து நிக்கும், பத்து நிமிசத்துல தீந்துரும். நான் மூணு பஸ்ஸு ஏறி வாறேன் மக்களே."

இதைச் சொன்னபோது அவர் கையை நான் பார்த்தேன். விரல் நுனிகளில் கீறல், நகக்கண்களில் கறுப்பு. புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில், வற்றின தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் நின்று மட்டி எடுப்பவர்கள் அவர்கள். முதலில் கால் விரலால் மண்ணைத் தடவி, தட்டுப்பட்டதும் குனிந்து கையால் அள்ளுவார்கள். பெட்டி தண்ணீரில் மிதக்கும், இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும். காலுக்கு பெரிசு சின்னது தெரியும் என்று ஆச்சி சொன்னார். "தெரியாமலா எடுக்கோம்? காலுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

இந்த உரையாடல் நடந்து முடிய கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்கு முன்னால் நான் வைத்திருந்த கணக்கு முழுக்கத் தலைகீழானது. குஞ்சு மட்டி எடுப்பவர் தப்பு செய்கிறார், வாங்காமல் இருந்தால் நம் பங்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவர் காலுக்குக் கீழே பெரிசும் சின்னதும் சேர்ந்து கிடக்கிறது. எதை எடுப்பது என்பதை அவர் புன்னைக்காயலில் தீர்மானிக்கவில்லை. ஏரலில், எங்கள் வீட்டு வாசலில், என் ஆள்காட்டி விரல் எந்தக் கூறைக் காட்டுகிறதோ அதில் தீர்மானமாகிவிடுகிறது. நான் வாங்காமல் உள்ளே போனாலும் அடுத்த வீட்டுக்காரர் உயரமான கூறைத்தான் காட்டப் போகிறார். நான் ஒதுங்கியதால் ஒரு குஞ்சு மட்டிகூட ஆற்றில் மிஞ்சாது, ஆச்சிக்கு நூறு ரூபாய்தான் குறையும்.

அன்றைக்கு ஆச்சியிடம் ஓர் ஏற்பாடு கேட்டேன். பெட்டியில் இருப்பதில் பெரிசை மட்டும் பொறுக்கித் தாருங்கள், கூறு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதே நூறு ரூபாய் தருகிறேன், கொசுறு வேண்டாம். ஆச்சி சிரித்துக்கொண்டே பொறுக்கினார். இருபத்தெட்டு மட்டி வந்தது. வேக வைத்துப் பார்த்தால், முதல் வாரம் சட்டி நிறைய வாங்கியதில் வந்த அதே அளவு சதை. சரிக்குச் சரி.

அட்டமுடிக் காயலில் ஒரு காலை

அக்காவைப் புனலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு, தென்மலை என்று மலைக்குள் புகுந்து போகும் ரயிலில் ஆவணியில் அவள் வீட்டுக்குப் போனேன். மட்டிக் கதையைச் சொன்னதும் அத்தான், "கொல்லத்துல இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க, வா காட்டுறேன்" என்று அழைத்துப் போனார். அட்டமுடிக் காயலில் முங்கி மட்டி எடுக்கும் ஒருவர் அவருக்குப் பழக்கம். அங்கே அதற்குக் கக்கா என்று பெயர்.

அங்கே நடந்ததைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1980-களில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி தொடங்கியதும் ஆளாளுக்கு வாரி எடுத்திருக்கிறார்கள். 1991-ல் ஏறக்குறைய 10,000 டன். 1993-க்குள் அது பாதியாகச் சரிந்துவிட்டது. அப்புறம்தான் மீனவர்களும் ஏற்றுமதிக்காரர்களும் மீன்வளத் துறையும் ஆராய்ச்சி நிலையமும் உட்கார்ந்து பேசிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். முட்டை விடும் பருவமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கக் கூடாது. இயந்திரம் வைத்து வாரக் கூடாது. வலையின் கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏற்றுமதியாகும் சதையில் ஒரு கிலோவுக்கு 1,400 எண்ணத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கடைசி விதியைக் கேட்டதும் நான் நின்றுவிட்டேன். கூறின் உயரத்தை விட்டுவிட்டு, ஒரு கிலோவில் எத்தனை உயிர் என்று எண்ணுகிறார்கள்! நான் முறத்து ஓட்டை வைத்துக்கொண்டு தவித்த அதே கணக்கு. படுகை மீண்டது. மீன்வளம் தீர்ந்துபோகாத விதத்தில் பிடிக்கிறார்கள் என்று சான்று தரும் உலக அமைப்பு மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், 2014 நவம்பரில் அதன் சான்று அந்தக் காயலுக்குக் கிடைத்தது. இந்தியாவிலேயே அந்தச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான்.

அந்த மனிதர் தன் வரண்டியைக் காட்டினார். நீளக் கம்பின் நுனியில் இரும்புச் சட்டம், அதில் பை மாதிரி வலை. அடிமண்ணோடு இழுத்துத் தண்ணீருக்குள்ளேயே உலுக்கினார். மண் கரைந்தது. கூடவே பொடி மட்டிகள் வலைக்கண் வழியாகச் சரசரவென்று திரும்ப விழுந்தன. அவர் எதையும் பொறுக்கவில்லை, எதையும் தூக்கிப் போடவில்லை. நல்லவராக இருக்க வேண்டிய அவசியம்கூட அவருக்கு இல்லை, வலை பார்த்துக்கொள்கிறது. விழுந்தவை ஒரு நொடி பளபளத்துவிட்டுக் கலங்கலுக்குள் மறைந்தன. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சங்குக்கு அளவு இருந்தது

ஊர் திரும்பும் வழியெல்லாம், நம்மூரில் இப்படி ஒன்று வராதா என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் உறைத்தது, நம் கடலில் இது எப்போதோ இருந்த பழக்கம். தூத்துக்குடியில் சங்கு குளித்த காலத்தில், எடுத்து வந்த சங்கை அளவுத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் நுழைந்துவிடும் சின்னச் சங்கைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுவார்கள். முத்துக்குளிப்பு அதைவிடக் கண்டிப்பு. முதலில் முத்துச் சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களில் முங்கி மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, முத்தை எண்ணி மதிப்புப் போட்டு, முதிரவில்லை என்றால் அந்த வருடம் குளிப்பே கிடையாது. அப்படிக் காத்தும் பல வருடங்கள் பார் வெறுமையாகக் கிடந்தது உண்டு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதற்குப் பின் நடக்கவில்லை.

கொற்கை காலம் தொட்டு முத்தும் சங்கும் அரசாங்கச் சொத்து. பணம் இருந்தது, அதனால் அளவு இருந்தது, காவல் இருந்தது. மட்டி பொம்பளைகள் காலால் தடவி எடுத்துத் தலையில் சுமந்து விற்பது. அதற்கு யாரும் துளை போட்டு அளவு வைக்கவில்லை. தடைக்காலச் சட்டம்கூட விசைப்படகைத்தான் கட்டிப்போடுகிறது, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மீன் வராத அந்த 61 நாளில் எங்கள் தெருவே மட்டியைத் தேடுகிறது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஏழை தின்பதும் ஏழை எடுப்பதும் தீர்ந்துபோனால் தெரிவதில்லை. முத்து தீர்ந்தால் வரலாறு எழுதுகிறோம்.

ஆற்றையும் சொல்ல வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அணைதான் தாமிரபரணியின் கடைசி அணை. அதற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் முகத்துவாரத்தில் உப்பும் நன்னீரும் கலக்கும் கணக்கு. மட்டி அந்தக் கலப்பில் வாழ்வது. தண்ணீர் வராவிட்டால் உப்பு ஏறும், ஒரேயடியாக வந்தால் உப்பே இல்லாமல் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஏரல் பாலத்துச் சாலை அறுந்து கிடந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆச்சி பல மாதம் மட்டிப் பெட்டியோடு வரவே இல்லை. மழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் வெள்ளம் வாரிக்கொண்டு போன படுகையில் மிஞ்சிய குஞ்சையும் நாம் அள்ளினால், அது வெள்ளத்தின் கணக்கில் சேராது.

நண்டு, இறால், மற்றவை

மட்டியில் கண் திறந்த பிறகு மற்றதையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். நண்டு வாங்கும்போது வயிற்று மடிப்பைப் புரட்டிப் பார்க்கிறேன். வெளியே பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது முட்டை. ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் புதிது, கறுத்திருந்தால் பொரியும் நேரம். சினை நண்டுக்கு நம்மிடம் தனி ருசி உண்டு, எனக்கும் இருந்தது. இப்போது வேண்டாம் என்று வைத்துவிடுகிறேன். சிங்கி இறாலில் ஏற்றுமதிக்கு இனத்தைப் பொறுத்து 200, 300, 500 கிராம் என்று குறைந்தபட்ச எடை உண்டு. அந்த எடை தேறாததுதான் பெரும்பாலும் உள்ளூர் ஓட்டல் தட்டுக்கு வருகிறது என்பது என் சந்தேகம். திருச்செந்தூர் கடைகளில் அலங்காரச் சோழியும் சிப்பியும் வாங்குவதை நிறுத்திவிட்டேன், அதில் உயிரோடு எடுத்தது எது, கரை ஒதுங்கியது எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வளர்ப்பு என்றாலே கெடுதல் என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது, அது சிப்பிக்குப் பொருந்தாது. பண்ணை இறாலுக்குத் தீனி போட வேண்டும், அந்தத் தீனிக்கு மீன் அரைக்க வேண்டும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கும் சிப்பிக்கும், ஆய்ஸ்டர் எனப்படும் ஆளிக்கும் ஒரு பிடி தீனி வேண்டாம், ஓடுகிற தண்ணீரை வடிகட்டியே வளர்ந்துவிடும். தூத்துக்குடியில் 1970-களிலேயே ஆளி வளர்ப்பைச் செய்து காட்டினார்கள். காசர்கோட்டுப் பக்கம் படன்னாவில் பெண்கள் குழு குழுவாகச் சிப்பி வளர்த்து விற்கிறார்கள். நம் பக்கத்தில் அது ஏன் அடுக்களை வரைக்கும் வரவில்லை என்று எனக்கு ஆதங்கம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், வளர்ப்போ ஆற்றில் கிடந்ததோ, தண்ணீரை வடிகட்டும் உயிர் அந்தத் தண்ணீரில் இருப்பதைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். வேக வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. ஆகவே எந்தத் தண்ணீர், எந்தப் பக்கம் எடுத்தது என்று கேட்டே வாங்குகிறேன். ஆச்சியிடம் இப்படிக் கேட்டால் அவர் சந்தோஷமாகப் பதில் சொல்கிறார், கேட்பவர்கள் குறைவு போல.

மூன்று மாதம்

இப்போது எங்கள் தெருவில் ஐந்து வீடு பெரிசு மட்டும் கேட்கிறது. முதலில் அம்மாவுக்கே ஒப்பவில்லை, "இருபத்தெட்டுக்கு நூறா?" என்றாள். டம்ளரை அளந்து காட்டிய பிறகு அடுத்த வீட்டில் போய் அவளே சொன்னாள். ஆச்சி எங்களுக்கு என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார். ஆனால் பெரிய பெட்டியில் குஞ்சு மட்டி இன்னும் வருகிறது, அடுத்த தெருவில் உயரக் கூறாக நின்று விற்றும் போகிறது. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருநாள் ஆச்சியிடம் கேட்டேன், சின்னதை ஆற்றிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று. "நான் விட்டா பின்னால வாறவ எடுப்பா. நாங்க பதினோரு பேரு இறங்குதோம். பதினோரு பேரும் விடணும்" என்றார்.

அப்போதுதான் அட்டமுடியைப் பற்றிச் சொன்னேன். வலைக்கண், 30 மில்லிமீட்டர், டிசம்பர், பிப்ரவரி எல்லாம். ஆச்சி பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். வலையால் உலுக்கும் விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டது, மணல் சலிக்கிற சல்லடையே போதும் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு மாசம் இறங்கக் கூடாதுன்னா, அந்த மூணு மாசம் அங்க உள்ளவிய என்ன செய்வாவ தாயி? சோத்துக்கு என்ன வழி வச்சிருக்காவ?" என்று கேட்டார்.

நான் கொல்லத்தில் அதைக் கேட்கவே இல்லை. வலையைப் பார்த்தேன், விதியைக் குறித்துக்கொண்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆச்சி அங்கேயே உட்கார்ந்திருக்க, அத்தானுக்கு போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. ஆச்சி பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "கேட்டு வையி, அடுத்த வாரம் வாறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினார்.